கரிமூட்டையின் ரத்தம்

லட்டுவின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியபோது, அது எங்கேயோ சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். காலையில் சங்கரா மீன் தலையோடு ஒரு தட்டுச் சோறு தின்ற நாய். மாலையில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசல் சிமெண்டுத் தரையெல்லாம் சிவப்புப் பொட்டுகள். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டப் பார்த்தது. வால் பாதியிலேயே நின்றுவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை. சித்தப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அந்த ஆட்டோவிலேயே லட்டுவை என் மடியில் கிடத்தி நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டரம்மா அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. வேற நாயோட ரத்தம் ஏத்தினாத்தான் பொழைக்கும்."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். நாய்க்கு நாய் ரத்தம் கொடுக்க முடியும் என்று உலகத்தில் யாருமே எனக்குச் சொன்னதில்லை. அப்பா கேட்டது செலவைப் பற்றி. ஊசி, டிரிப், பரிசோதனை, நான்கு நாள் அங்கேயே வைத்திருப்பது எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாயிரம் தாண்டும் என்றார் டாக்டரம்மா. வாடகை போக அப்பாவின் சம்பளத்தில் அவ்வளவு மிஞ்சாது. அப்பா சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஏத்துங்க டாக்டர்" என்றார்.

ரத்தம் கொடுக்கும் நாய் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்க வேண்டுமாம். எங்கள் தெரு நாய்களில் இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் அந்த எடை வராது. பக்கத்துத் தெருவில் மட்டும் ஒன்று இருந்தது. கன்றுக்குட்டி அளவு, அடுப்புக்கரி நிறம். கரிமூட்டை என்று பெயர். சித்தப்பாவை ஏற்கெனவே ஒருமுறை கடித்திருந்ததால், அதன் எடையை அவர் சரியாகவே ஊகித்தார்.

சிக்கல் என்னவென்றால், கரிமூட்டையை வளர்த்தவள் மீன் ஏலம் விடும் அத்தை; சொந்தமில்லை, தெருப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். தண்ணீர் லாரி வரிசையில் குடம் வைத்த தகராறில் அவளும் அம்மாவும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

லட்டுவை டாக்டரம்மாவிடம் விட்டுவிட்டு வந்து வீட்டில் சொன்னதும், அம்மா கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அத்தை வாசலில் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னா வோணும்?" என்றாள் அத்தை, நிமிராமல்.

"எங்க லட்டு சாவக் கெடக்குது. டாக்டரு ரத்தம் ஏத்தணும்னு சொல்றாங்க. உங்க நாயிதான்…"

அத்தை கையிலிருந்த பிரஷ்ஷைப் போட்டுவிட்டாள். "எங்க இட்டுகினு வரணும்?"

அவ்வளவுதான் கேட்டாள். மீன் தராசில் கரிமூட்டையை ஏற்றியபோது முப்பத்து நான்கு கிலோ காட்டியது. ஆட்டோவில் சித்தப்பா முதுகைச் சீட்டில் ஒட்டாமலேயே ஓட்டினார்.

முதலில் இரண்டு நாய்களின் ரத்தத்தையும் ஒரு கண்ணாடித் துண்டில் கலந்து பார்த்தார்கள். ஒத்துப்போனது. பிறகு கரிமூட்டையின் கழுத்தில் முடியை மழித்து ஊசி போட்டார்கள். தெருவையே கிடுகிடுக்க வைத்த அந்த நாய் அத்தையின் மடியில் தலையை வைத்து, பால் குடிக்கும் குட்டிபோலக் கிடந்தது. பை கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. கறுப்பு நாயின் ரத்தம் எப்படி இருக்குமோ என்று நான் காத்திருந்தேன். என் முழங்கால் சிராய்ப்பில் வருவதுபோலவே இருந்தது. டாக்டரம்மா பையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. கோயில், திருவிழா, கப்பல் என்று நான் அதுவரை பார்த்திருந்த எதுவும் அந்தப் பைக்கு முன் பெரிதாகத் தோன்றவில்லை.

"இன்னும் வோணும்னா எட்த்துக்கோ டாக்டரு" என்றாள் அத்தை.

"போதும்மா. இதுக்கு மேல எடுத்தா இது படுத்துரும்."

துளித் துளியாக அது லட்டுவின் முன்னங்காலுக்குள் இறங்கியது. இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா உதட்டைத் தூக்கினார். ஈறில் ரோஜா நிறம் படர்ந்திருந்தது.

லட்டு ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு எட்டு வருடம் இருந்தது. டாக்டரம்மாவுக்குப் பணம் கட்டிய அந்த வாரம் சித்தப்பாவின் புது செல்போன் தொலைந்துபோனது. நானும் கட்டிலுக்கு அடியிலெல்லாம் புகுந்து தேடினேன். அம்மா அந்த எண்ணுக்கு அரை மணி நேரம் அடித்தாள். பழைய போன் வாங்கி விற்கும் பர்மா பஜாரிலிருந்து யாரோ ஒருவர் எடுத்து, "இது இப்ப என் போனும்மா, காசு குடுத்து வாங்கினது" என்றார். அம்மா அதன்பிறகு தேடச் சொல்லவில்லை.

லட்டுவின் ஈறு சிவந்த அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மீன் ஏலத்தில் கடற்கரையையே அதட்டும் அத்தை மட்டும் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்கு ஒரு மகன் இருந்தான் என்பதும், நாங்கள் குடிவருவதற்கு முன்பே டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனுக்கு ரத்தம் கேட்டு அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள் என்பதும், கிடைத்தபோது நேரம் கடந்திருந்தது என்பதும், நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

அன்று நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதீங்க அத்தை. குடுத்த ரத்தமெல்லாம் மறுபடியும் ஊறிடுமாம். டாக்டர் சொன்னாங்க."

அவள் என்னை இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். கரிமூட்டையை நினைத்து இனி அழமாட்டாள் என்ற திருப்தியில், கையை விடுவித்துக்கொண்டு நான் லட்டுவிடம் ஓடினேன்.