ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு எடுத்த கல்

பள்ளங்கியில் பூண்டு விவசாயம் செய்யும் நான், போன வருடம் கொடைக்கானல் கார் பந்தயத்துக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்தேன். பந்தயப் பரிசோதகர் என் காரைச் சமதளத்தில் பார்த்துவிட்டு, சரியாக இருப்பதாக ஸ்டிக்கர் ஒட்டினார்.

எனக்குத்தான் உறுத்தியது. மேட்டில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம்; ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதே இல்லை. சரிவில் கல் வைத்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வெளியே நின்ற கணவரிடம் கல்லை எடுக்கச் சொன்னேன். கார் பின்னால் உருண்டது. சட்டென்று கால் பிரேக்கை மிதித்தேன்.

"அதான் ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்கல்ல, பேசாம ஓட்டு" என்றார் அவர்.

"ஓட்டப்போறது நானுங்க" என்று சொல்லி, ஸ்டிக்கரை உரித்துப் பரிசோதகரிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

இப்போதெல்லாம் பூண்டு மூட்டை ஏற்றப் போனாலும், கல்லை எடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைச் சோதித்த பிறகே கிளம்புகிறேன். இந்த வருடம் பந்தயத்தை முழுதாக ஓட்டி முடித்தேன். ஆனாலும் ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நான் சொல்வது, ஓட்டாமல் திரும்பிய பந்தயத்தைத்தான்.