மாமா வாங்காத நீலக் கார்

ஒரு காரை வாங்குவதா விடுவதா என்ற முடிவைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்ட குடும்பம் எங்களுடையது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சம்பளம் எடுக்கிறவர்கள், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப் போடுகிறவர்கள் என்று வீட்டில் நாலு பெரியவர்கள் இருந்தார்கள். நாலு பேரும் கதைத்துக் கதைத்துக் களைத்துப்போய், கடைசியில் என்னைப் பிடித்து முன்னால் விட்டார்கள்.

காரணம் என் கை. எனக்குக் கைராசி என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு பெயர் இருந்தது. நாலு வயதில் நான் எடுத்துக் கொடுத்து அடை வைத்த முட்டைகளில் ஒன்றுகூடக் கூழாகாமல் அத்தனையும் குஞ்சாகிவிட்டனவாம். அடுத்த வருஷம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் மாமாவுக்கு நான் இழுத்துக் கொடுத்த அதிர்ஷ்டச் சீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர் விழுந்தது. அவ்வளவுதான். சித்திரை வருஷப்பிறப்புக்குப் பெரியவர்கள் சிறியவர்களுக்குக் கைவிசேடம் கொடுப்பதுதான் வழக்கம். எங்கள் ஒழுங்கையில் அது தலைகீழாக நடந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் வந்து கையை நீட்டுவார். அவரே தந்த காசை வெற்றிலையில் வைத்து நான் அவருக்குத் திருப்பிக் கொடுப்பேன். இதில் எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மாவின் தங்கை சின்னம்மா. உள்துறைமுக வீதியில் கப்பல் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் அவருக்கு வேலை. இவர்களுடைய தாய் தகப்பன் நான் பிறக்குமுன்பே போய்விட்டதால் இருவரும் எங்களோடு இருந்தார்கள். எங்களோடு என்றால் அம்மாவின் வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆண்பிள்ளை கலியாணம் கட்டினால் பெண்சாதியின் வீட்டுக்குப் போகவேண்டியவர். அப்பாவும் அப்படித்தான் மூதூரிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தார். இதற்குள் இன்னொரு சட்டமும் இருந்தது. தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்குமட்டும் தமையன் தனக்கென்று எதையும் கேட்டு வாய் திறக்கக் கூடாது. எங்கேயும் எழுதிவைக்காத சட்டம் என்பதால் அதை எதிர்த்து வழக்குப் போடவும் வழியில்லை.

ஆகவே மாமா ஒன்பது வருஷமாக எங்கள் வளவின் பின்பக்கத்தில் சின்னம்மாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர்கள் எழும்பிவிட்டன, கூரை இல்லை. பகல் வெயிலுக்கு, எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடுபோலத் திரியும் மான்கள் வந்து ஹோலுக்குள் படுத்து அசைபோடும். அந்த வருஷம் கந்தளாயில் வேலை செய்கிற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு விஷயம் சொன்னார்கள். தாலி கட்டுமுன் வீடு முடிந்திருக்க வேண்டும். கட்டிய பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது. முதலாவதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு மாதம் கதைத்தார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் கதைத்ததாக எனக்கு நினைவில்லை.

கூரைக்கு மரம் எடுக்கப் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போன மாமா, மரம் எடுக்காமல் திரும்பி வந்தார். மரக்காலைக்குப் பக்கத்தில் ஒரு ஹாஜியாரின் நெல் ஸ்டோர் இருந்தது. அதன் பின்பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு நீலக் காரைக் கண்டுவிட்டார். ஜப்பானில் பந்தயத்துக்கென்றே செய்த ரகமாம். பின்னால் இறக்கை, பொனற்றில் காற்றுப் போவதற்கு ஒரு வாய், என் முகம் போகும் அளவுக்கு இரண்டு சைலன்சர். ஹாஜியாரின் மகன் ஆசைப்பட்டு வாங்கி, கந்தளாய் வீதியில் பறந்து, எஞ்சினைச் சூடாக்கிக் கெடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். நாள் முழுக்கக் கிரேனில் உட்கார்ந்து ஊர்ந்துகொண்டிருந்த மனுஷனுக்கு அந்தக் காரைக் கண்டதும் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. அம்மாவுக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாமா தனக்குத் தெரிந்த கராஜ் பாஸையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாஸ் என்றால் வாகனம் திருத்துகிறவர். பாஸ் எஞ்சினின் ஒயில் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்துக் காட்டினார். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது, எஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டும் என்றார். டர்போ போய்விட்டது, இரண்டாவது கியர் கடிக்கிறது, பின் சில்லுப் பக்கம் கறள் பிடித்திருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். மாமா ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். நோயாளியின் குறையைச் சொல்லச் சொல்ல அவருக்குப் பாசம் கூடியது.

“தம்பி, இது வாங்கிற கார் இல்லை. திருத்திற கார்” என்றார் பாஸ்.

“திருத்தினால் ஓடுமோ?”

“திருத்தினால் பறக்கும். அதுதான் பயம்.”

ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். முன் கதிரையில் நான் இருந்தேன். அந்தக் கதிரை இரண்டு பக்கமும் வளைந்து என்னை அணைத்துப் பிடித்தது. எஞ்சின் உறுமியதும் ஸ்டோருக்குள் இருந்த புறாக்கள் எல்லாம் வெளியே பறந்தன, பின்னால் நீலப் புகை எழும்பியது. என் நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் இறங்கியதை நான் யாருக்கும் சொல்லவில்லை. மாமாவுக்குப் பிடித்ததைவிட எனக்கு அந்தக் காரை அதிகமாகப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் சண்டை தொடங்கியது. கூரைக்கு வைத்த காசைக் கொண்டுபோய் ஒரு பழைய இரும்பில் போடுவதா என்று அம்மா கேட்டார். அப்பா, இந்தப் பக்கம் பார்த்தால் இது சரி, அந்தப் பக்கம் பார்த்தால் அது சரி என்று ஒரு கிழமை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அதுவரை சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. அந்தக் கிழமையின் கடைசி நாளில் கேட்டேன்.

“ஒன்பது வருஷம் அக்கா! எனக்கெண்டு ஒரு சேட்டுத் துணி எடுத்தனானோ? கூரை எங்க ஓடிப்போகுது? இன்னும் இரண்டு வருஷத்தில போடுவன்.”

“இரண்டு வருஷம் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருப்பாரோ? கார் வாங்கினால் இந்தச் சம்பந்தம் குழம்பிப் போகும். அவளின்ர வாழ்க்கை போச்சு.”

அவள் என்றது சின்னம்மாவை. சின்னம்மா அலுவலகச் சேலையைக்கூட மாற்றாமல் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, “அண்ணா கார் வாங்கட்டும்” என்றார்.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. பார், தமையனுக்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுக்கிறாள், இப்படிப்பட்ட பிள்ளைக்கா நீ துரோகம் செய்யப் போகிறாய் என்று மாமாவைப் பிடித்து உலுக்கினார். சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து, நீ ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று தடவிக் கொடுத்தார். சின்னம்மா குசினிக்குள் திரும்பிப் போனார்.

கடைசியில் மாமாதான் அந்த யோசனையைச் சொன்னார். ஹாஜியாருக்குக் கொடுக்கும் அட்வான்சைப் பிள்ளையின் கையால் கொடுப்போம். பிள்ளை மனம் விரும்பிக் கொடுத்தால் கார் வாங்குவது, மாட்டேன் என்றால் விடுவது. பிறகு யாரும் கதைக்கக் கூடாது. அம்மா உடனே சம்மதித்தார். எதற்கும் உடனே சம்மதிக்காத அம்மா அன்று சம்மதித்ததைக் கண்டு மாமாவுக்கும் அப்பாவுக்கும் சந்தேகம் வரவில்லை என்றால், அவர்கள் அத்தனை வருஷமும் அந்த வீட்டில் யாரோடு இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கடவுள் சொல்கிறபடி நடக்கட்டும் என்று மாமா விட்ட கையை, அம்மா அன்று பின்னேரமே விலைக்கு வாங்கிவிட்டார். கிணற்றடிக்கு என்னைக் கூட்டிப் போய், என்னை நீங்கள் என்று சொல்லிக் கதைத்தார். அம்மா எனக்கு மரியாதை கொடுத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“பிள்ளை, நீங்கள் மாட்டன் எண்டு சொல்லவேணும். சின்னம்மாக்கு வீடு வேணும், பாவம் அவ. வாய்விட்டுக் கேக்கமாட்டா. அவவின்ர வாழ்க்கை இப்ப உங்கட கையிலதான் கிடக்கு. விளங்குதோ?”

விளங்கியது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதுவரை என்னிடம் யாரும் ஒப்படைத்ததில்லை. அன்று படுக்கப் போகுமட்டும் நான் நிலத்தில் கால் பாவாமல் நடந்தேன்.

மறுநாள் காலை சின்னம்மா எனக்குத் தலை பின்னிவிட்டார். வழக்கமாகத் தலை பின்னும்போது கப்பல் கதை சொல்வார். எந்தக் கப்பல் கோதுமையோடு வந்திருக்கிறது, எது சீமெந்துக்குக் கல் இறக்குகிறது, எந்தக் கப்டன் அலுவலகத்துக்கு வந்து என்ன பகிடி விட்டான் என்று எங்களுக்கு எல்லாம் அவரிடமிருந்துதான் தெரியவரும். அன்று கப்பல் கதை வரவில்லை. ரிபனை இறுக்கிக் கட்டிவிட்டு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“காசை மறக்காமல் குடுக்கவேணும், என்ன? சிரிச்சுக்கொண்டு குடு.”

எப்படிப்பட்ட பெரிய மனசு என்று நான் நினைத்தேன். பாவம் அவ, வாய்விட்டுக் கேட்கமாட்டா என்று அம்மா சொன்னது எவ்வளவு சரி என்றும் நினைத்தேன். அந்தக் கணத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்.

கிண்ணியாவில் ஹாஜியார் எனக்கு ஒரு சோடா எடுத்துவைத்து, கதிரையும் போட்டிருந்தார். தார்ப்பாயை எடுத்து, காரைக் கழுவிக்கூட விட்டிருந்தார். அது வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. மாமா அட்வான்ஸ் காசு வைத்த கடித உறையை என் வலது கையில் வைத்து, கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னார். ஹாஜியார் இரண்டு கையையும் நீட்டினார். நான் என் கையைப் பின்னால் கொண்டுபோனேன்.

“மாட்டன்.”

மாமா என் முன்னால் குந்தியிருந்தார். “மருமகள், நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆரும் உங்களை ஏசமாட்டினம்.”

“எனக்கு இந்தக் காரைப் பிடிக்கேல்லை.”

என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அதைப்போல ஒன்று சொன்னதில்லை. ஹாஜியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “புள்ளட மனசு ஒப்பல்லண்டா வேணாம் தம்பி, உட்டுடுங்க” என்றார். அவருக்கும் அன்றைக்கு நட்டம்தான். ஆனாலும் என் தலையைத் தடவிவிட்டார். மாமா எழும்பிப் போய்த் தார்ப்பாயை எடுத்துக் காரை மூடினார். தன்னுடையதாக ஆகாத காருக்கு நாலு மூலையிலும் கயிற்றை இழுத்து, ஒழுங்காக முடிச்சுப் போட்டுக் கட்டினார். வரும்போது பாலத்தில் மோட்டார் சைக்கிளை மெதுவாகவே ஓட்டினார்.

மூன்று மாதத்தில் கூரை ஏறியது. தையில் கலியாணம். மாமாவும் பிறகு ஒருவரைக் கட்டி உப்புவெளியில் மாமியின் வீட்டுக்குப் போனார். இடையில் நாட்டுக்குள் வாகனம் இறக்குமதி செய்வதை அரசாங்கம் நிறுத்திவைத்தது அல்லவா, அப்போது பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில் மாமா கொஞ்சக் காலம் நிலைகொள்ளாமல் திரிந்தார். இப்போதும் வீட்டில் நல்லது கெட்டது எதற்குக் கூடினாலும், போனில் அதே ரகக் கார் ஒன்றின் விளம்பரத்தைக் காட்டி, இதை விற்றால் இன்று இரண்டு வீடு கட்டலாம் என்பார். எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். உன் கைராசி பார்த்தியா என்று அம்மா, ஆம், அம்மாவேதான், கூச்சமில்லாமல் சொல்லுவார். அப்போதெல்லாம் சின்னம்மா அங்கேதான் இருப்பார். பின்வளவு வீட்டிலிருந்து வருவதற்கு எவ்வளவு நேரம். யாராவது துறைமுகத்துப் பக்கம் போய் வந்திருந்தால், இப்ப என்ன கப்பல் நிக்குது என்று கேட்பார். எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது.

மாமாவுக்கு அநியாயம் நடந்தது என்று நானும் கனகாலம் கோபத்தோடு திரிந்தேன். அந்த வீட்டில் அநியாயம் பங்கு போட்டபோது பெரிய பங்கு யாருக்குப் போனது என்று பார்க்க எனக்கு இருபது வயதுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது.

அன்று நாங்கள் கார் இல்லாமல் வந்து இறங்கியதும் அம்மா கோழிக்கறி வைக்கத் தொடங்கினார். மாமா முன் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். சின்னம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று நான் பக்கத்தில் போய்ப் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கண் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் அழுதிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் துருவிக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் காதுக்குள் சொன்னேன்.

“சின்னம்மா, எனக்கு உண்மையில அந்தக் காரைப் பிடிச்சது. உங்களுக்காகத்தான் மாட்டன் எண்டு சொன்னனான். உங்களுக்கு வீடு வேணுமெல்லோ.”

அவர் துருவுவதை நிறுத்தினார். தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“எனக்கு வீடு வேணுமெண்டு உனக்கு ஆர் சொன்னது?”

அது ஒரு சின்னக் கேள்வி. எனக்கு விடை தெரிந்திருந்தது.

“அம்மா” என்றேன், வகுப்பில் எழும்பி நின்று சரியான விடை சொல்கிற பிள்ளையின் பெருமையோடு.