மேல் மூலையில் ஏழு பேர்

போன மாதம் மகன் பண்டாரவளையிலிருந்து பெரிய தொலைக்காட்சி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினான். மாட்டிவிட்டு, கையிலிருந்த போனைத் தட்டிக்கொண்டே, "எந்தப் பாட்டு வேணும்மா, சொல்லுங்க, இப்பவே வரும்" என்றான். நான் யோசிக்கவே இல்லை. தேயிலை மலையில் எடுத்த அந்தப் பழைய பாட்டைச் சொன்னேன். வந்தது. அடேயப்பா, என்ன துலக்கம்! கதாநாயகியின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணலாம். எனக்கு மூக்குத்தி வேண்டாம். எழுந்து போய், கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு, படத்தின் இடது பக்க மேல் மூலையில் தேடினேன். அங்கே இருக்க வேண்டியதைக் காணவில்லை.

"என்னம்மா தேடுறீங்க, பல்லியா?" என்றான்.

நான் தேடியது என்ன என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாட்டின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் நீங்கள் உடனே தேடிப் பார்ப்பீர்கள். உங்களுக்கும் இந்த அரைகுறைப் பாட்டுத்தான் கிடைக்கும்.

அதற்கு முன் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். படத்தில் பாட்டுக் காட்சி எதற்கு என்று கேட்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. எனக்கு மருமகன் முறையான ஒருவர், பள்ளிக்கூடத்து ஆசிரியர், நான் பாட்டுப் பார்க்கும்போதெல்லாம், "இதுல யதார்த்தமே இல்லையே அத்தை" என்பார். இல்லைதான். யதார்த்தத்தை நான் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் ஏழு பேரோடு படுத்துப் பார்த்தவள். அதையே திரையிலும் பார்க்க வேண்டுமென்று எனக்கு என்ன வேண்டுதலா?

எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் சேலை மாறிவிடுகிறதே, அது பிடிக்கும். கையில் ஒரு பை கூடக் கிடையாது, எங்கிருந்துதான் வருமோ. சேற்றில் ஆடியும் அழுக்காகாத வெள்ளைச் சப்பாத்து பிடிக்கும். எல்லாவற்றையும்விட, பின்னால் ஆடும் பெண்கள் பிடிக்கும். இரண்டாவது வரிசையில் எப்போதும் ஒருத்தி இருப்பாள். பக்கத்தில் ஆடுகிறவளின் காலைப் பார்த்துப் பார்த்து ஆடுவாள். அவளைக் கண்டுபிடிக்கும்வரை எனக்குப் பாட்டுத் தொடங்கியதாகவே ஆகாது. அந்தக் காலத்தில் நானும் ஒருநாள், பால் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கரைத்த பால் முழுக்கத் தரையில் போயிற்று.

அப்போது நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் அறைக்கு எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் பெயர். எண்பதுகளின் தொடக்கம். லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டம். லயங்களில் மின்சாரம் கிடையாது. அதனால் இன்றைக்கும் பெற்றோல் வாசம் பட்டால் எனக்குக் காதில் பாட்டுக் கேட்கும். காரணம், பாட்டு எங்களுக்குப் பெற்றோலில்தான் வந்தது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் பதுளை டவுனில் இருந்து ஒரு லொறியில் தொலைக்காட்சி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றும் வரும். கூடவே அவற்றை ஓட்டுகிற முஸ்லிம் ஆள் ஒருவர் வருவார். எல்லோருக்கும் அவர் வீடியோ நானா, நானா என்றால் அண்ணன். இரவு முழுக்கக் கோயில் வாசலில் மூன்று படம் போடுவார்.

அங்கேதான் அநியாயம். விடிவதற்குள் மூன்று படம் முடிய வேண்டும். எதைக் குறைப்பது? முன்வரிசையில் உட்கார்ந்த ஆம்பிளைகளுக்குச் சந்தேகமே வராது. பாட்டுக்கு இசை எழும்பியதும், "பாட்ட ஓட்டுங்க நானா! சண்டைக்குப் போங்க!" என்று கத்துவார்கள். நானா பொத்தானை அழுத்துவார். அவ்வளவுதான், கதாநாயகனும் கதாநாயகியும் சத்தமே இல்லாமல், மேலும் கீழும் கோடு விழ, சங்கு ஊதின பிறகு வேலைக்கு ஓடுகிறவர்கள் மாதிரி ஓடுவார்கள். நாங்கள் பின்னால் குளிரில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்ததே அந்தப் பாட்டுக்குத்தான். கேட்டால், "பாட்டுல என்னா இருக்கு, கதையா இருக்கு?" என்பார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

எங்களில் அதிகம் கொதித்தது பாக்கியம் அக்கா. முப்பது வயதிருக்கும். மலையில் அவள் நிரையைப் பிடித்தால் பக்கத்து நிரைக்காரி மூச்சு வாங்குவாள். அவளுடைய மூன்று வயது மகள் என்னிடம்தான் பகலெல்லாம் இருக்கும். அவள் பாட்டைப் பார்க்கிற விதம் எங்களைப் போல இல்லை. சேலையையும் பார்க்கமாட்டாள், ஆட்டத்தையும் பார்க்கமாட்டாள். ஆடுகிறவர்களுக்குப் பின்னால் இருக்கிற ஊரைப் பார்ப்பாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய மாமனார், அவள் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலேயே, இலங்கையும் இந்தியாவும் தோட்டத்து ஆட்களைப் பங்குபோட்ட ஒப்பந்தப்படி இந்தியா போக எழுதிக் கொடுத்திருந்தார். மாமனார் செத்து வருசக்கணக்கான பிறகு இந்தியக் குடியுரிமைக் காகிதம் வந்துவிட்டது. புருசன் செல்லையா அண்ணனுக்குத் தலைகால் தெரியவில்லை. காணி கிடைக்கும், கடை போடலாம் என்று லயமெல்லாம் சொல்லித் திரிந்தார். தை முடிந்ததும் பயணம். எந்த ஊருக்கு? காகிதத்தில் ஒரு பெயர் இருந்தது. அதை அவரும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை.

"சாகுற வரைக்கும் இருக்கப்போற எடம் புள்ள. எப்படி இருக்குன்னு ஒரு தரம் பாக்க வேணாமா? அந்த நாட்டைப் பாக்க நமக்கு இருக்கிறதே இந்தப் பாட்டுதான். அதையும் இவனுங்க ஓட்டுறானுங்க" என்றாள் என்னிடம்.

அந்த வருசம் தீபாவளி சனிக்கிழமை. வழக்கம்போல மூன்று படம், பாட்டெல்லாம் ஓட்டம். ஞாயிறு காலை நல்ல மழை. லொறி வரப் பிந்தியது. ஆம்பிளைகள் தூக்கத்தில். நானா தன் சாமான்களைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடிவிட்டு, கோயில் கூரைக்குள் ஒதுங்கி நின்றார். பாக்கியம் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவர் முன் நின்றாள்.

"நானா, பாட்டு மட்டும் உள்ள கெசட்டு இருக்காமே?"

"ஈக்கி தங்கச்சி. ஆள் சேருற வரைக்கும் போடுறது. நீங்க சமைச்சு முடிச்சு வாறதுக்குள்ள அது முடிஞ்சிரும். ஆனா பெற்றோல் ஒரு போத்தல்தான் மிச்சம் ஈக்கி."

"ஒரு போத்தலுக்கு எவ்வளவு ஓடுமோ அவ்வளவு போடுங்க."

மழைக்கு ஒதுக்கமாக ஒரு கூரை வேண்டும். பிள்ளைக்காம்பராவின் திறப்பு என் இடுப்பில் இருந்தது. அதைத் திறக்க, தோட்டத்து ஆஸ்பத்திரியையும் பிள்ளைக்காம்பராவையும் பார்க்கிற டிஸ்பென்சர் ஐயாவின் அனுமதி வேண்டும். கேட்டால் கிடைக்காது என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை. இருபது பெண்கள் வந்தார்கள். வேலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற சாக்குப் படங்குகளைக் கொண்டுவந்து ஜன்னல்களில் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். ஈரச் சாக்கு, பால்மா, பெற்றோல் மூன்றும் சேர்ந்த அந்த வாசத்தை எந்தக் கடையில் விற்றாலும் இன்றைக்கு வாங்குவேன்.

முதன்முறையாக ஒரு பாட்டை முழுதாகப் பார்த்தோம். தலையிலிருந்து கால்வரை, ஒரு வரி விடாமல். இரண்டாவது பாட்டிலேயே பாக்கியம் அக்கா, "நிப்பாட்டுங்க நானா" என்றாள். ஒரு கிணறு, பக்கத்தில் வெள்ளையடித்த வீடு. பார்த்தாள். "சரி, ஓட விடுங்க." அடுத்ததில் ஒரு பஸ். "நிப்பாட்டுங்க." நிறுத்தினால் டேப் தேயும் என்று நானா முனகினார். பெற்றோல் தீர்கிறதே என்று மற்றவர்கள் கத்தினார்கள். "ஏய் பாக்கியம், நீ போய் நேருலயே பாத்துக்க, எங்களுக்கு ஓட விடு!" அவள் அசையவில்லை.

பிறகு அந்தத் தேயிலைப் பாட்டு வந்தது. ஐயோ, நாங்கள் சிரித்த சிரிப்பு! கதாநாயகி கூடையை இடுப்பில் வைத்திருந்தாள், தண்ணிக் குடம் மாதிரி. இரண்டு விரலால் முற்றின இலையாகப் பார்த்துக் கிள்ளினாள். "கணக்கப்புள்ள பாத்தா இவளுக்கு அரைப்பேருதான்!" என்றாள் ஒருத்தி, அரைநாள் சம்பளம்தான் என்று அர்த்தம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நிப்பாட்டுங்க!"

இந்த முறை அவள் சொன்ன விதத்தில் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. பாக்கியம் அக்கா எழுந்து போய்ப் பெட்டியின் இடது பக்க மேல் மூலையில் விரலை வைத்தாள். ஆட்டத்துக்கு வெகு பின்னால், மலையின் உச்சிப் பக்கம், சின்னச் சின்ன உருவங்கள். தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு. ஏழு பேர். அவள் எண்ணினாள், நானும் எண்ணினேன். ஆறு பேர் கொழுந்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, கீழே ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது நடிப்பு இல்லை. இடுப்பு வலியில் அப்படித்தான் கை போகும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இது எந்த ஊரு நானா?"

"இந்தியாதான் தங்கச்சி. அங்கயும் ஒரு மலைநாடு ஈக்காம். இங்கேருந்து போறவங்க கன பேரு அங்க தோட்டத்துலதான் சேருறாங்களாம்."

"அங்கயும் கூடைதானா?" என்றாள். "இதே கூடையத் தூக்க நான் ஏன் கடல் தாண்டிப் போகணும்? இந்த மலையில எந்தக் கல்லு வழுக்கும்னு எனக்குத் தெரியும். நான் போகல."

ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ஏழு பேரும் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கிப் போனார்கள்.

திங்கட்கிழமை டிஸ்பென்சர் ஐயா மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "என்ன பிள்ளை, இது என்ன தியேட்டரே?" என்று கேட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு, என்னைக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டால் திறப்பைத் தருவேன் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். பாட்டுப் பார்த்ததற்கு மன்னிப்பா? நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்க மாட்டேன்.

செல்லையா அண்ணன்தான் பாவம். என்னைக் கண்ட இடத்திலெல்லாம் ஏசினார். பெண்டாட்டியிடம் கெஞ்சினார், அதட்டினார். "சினிமாவப் பாத்துட்டு வரமாட்டேங்கிறியே, சினிமா பொய்யின்னு ஒனக்குத் தெரியாதா?" என்று லயத்து வாசலில் கத்தினார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "முன்னால ஆடுனது பொய்யி. பின்னால நின்னது பொய்யில்ல."

தை முடிந்தது. ஐந்து குடும்பங்களைப் பதுளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போக லொறி வந்தது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற பெரட்டுக்கு நான் போனபோது, மகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பாக்கியம் அக்கா கூடையோடு முதல் ஆளாக நின்றாள்.

"பாக்கியம், ஒன் பேரு வெட்டியாச்சே" என்றார் கணக்கப்பிள்ளை.

"எழுதுங்க. எழுதாட்டியும் எடுப்பேன்."

அவளுக்கு அடுத்த நிரையில் நான். மேலேயிருந்து பார்த்தால் பாதை முழுக்கத் தெரியும். லொறி புறப்பட்டது. ஆட்கள் அழுகிற சத்தம் மலைவரை கேட்டது. அவள் நிமிரவில்லை. கை மட்டும் பறந்தது. முற்றின இலையையும் சேர்த்துப் பறித்தாள், வாழ்நாளில் அன்றைக்கு மட்டும்தான். கோயில் வளைவில் லொறி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி போனபோது, தலையில் டிரங்குப் பெட்டியோடு ஒரு ஆள் பாதையில் தனியாக நின்றார்.

"அக்கா, அண்ணன் எறங்கிட்டாரு!"

"தெரியும். நீ கொழுந்தப் பாரு" என்றாள்.

கொஞ்ச காலத்தில் இந்தியாவுக்குப் போன கப்பலும் நின்றுபோயிற்று. போனவர்களில் ஒரு குடும்பம் கடிதம் போட்டது: இங்கேயும் தேயிலை, இங்கேயும் அட்டைக்கடி, குளிர்தான் கூட. இன்னொரு குடும்பம் கடை வைத்து நன்றாக இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன். பாக்கியம் அக்காவும் சும்மா தப்பிவிடவில்லை. அந்த நாட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் இருந்தவள். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும், நீ இந்தியாக்காரி என்று திருப்பி அனுப்பினார்கள். "நான்தான் போகவே இல்லையே ஐயா" என்று இருபது வருசம் போல அதே பதிலைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நாட்டுக் காகிதத்தை வாங்கினாள். வாங்கிப் பல வருசம் ஓட்டும் போட்டாள். போன மாரிக்குச் செத்துப்போனாள்.

பதுளையில் அந்த வீடியோக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். நானா எங்கே போனாரோ தெரியாது. பிள்ளைக்காம்பராவின் கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. எல்லாம் போகட்டும், பாட்டாவது இருக்கிறதே என்றுதான் நினைத்திருந்தேன்.

மகன் மாட்டிய தொலைக்காட்சியில் அந்த மூலையில் வெறும் பச்சைதான் இருந்தது. உற்றுப் பார்த்தேன். கதாநாயகியின் உச்சந்தலைப் பூவையும் காணவில்லை. மலையின் தலையே இல்லை.

"இது அந்தப் பாட்டு இல்லடா" என்றேன்.

"அதே பாட்டுத்தாம்மா. பழைய படம் சதுரமா இருக்கும். பெரிய டிவிக்குப் பத்தாதுன்னு மேலயும் கீழயும் வெட்டிப் பெருசாக்கியிருக்காங்க. தேவையில்லாத எடம்தானே."

"நிப்பாட்டு" என்றேன். பயந்துபோய் நிறுத்தினான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். தொலைக்காட்சிக்கு ஒரு சாண் மேலே, வெறும் சுவரில், விரலை வைத்தேன்.

"இங்க நிக்கிறாங்க. ஏழு பேரு."