சீட்டில் சாய்ந்த இடுப்பு

பாளையம்பட்டி சீனிவாசன் அண்ணன் பிரைவேட் பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்தபின் அவர் வீட்டுக்கு நான் பிசியோதெரபி செய்யப் போய்வந்தேன். கையும் பேச்சும் திரும்பிவிட்டன, நடைதான் பாக்கி. ஒருநாள் காலையில் பஸ் முதலாளியே வந்துவிட்டார்.

“சித்திரைக்குள்ள ஒழுங்கா நடந்து காட்டு சீனி, கண்டக்டர் பைய ஒன் கையில தாரேன். இல்லன்னா வேற ஆளு போட்டுருவேன், கோவிச்சுக்கக் கூடாது.”

அண்ணன் உடனே எழுந்து நடந்தார். காலை அகட்டி அகட்டி வைத்து, கூடத்தைக் கடப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மனைவி ராஜேஸ்வரி அக்கா ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். சாமி சப்பரத்தைக்கூட யாரும் அப்படித் தூக்க மாட்டார்கள். முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் இளைய பிசியோக்கள் தொடைக்குப் பயிற்சியைக் கூட்டுவார்கள். ஆனால் அண்ணன் காலில் பலம் இருந்தது. பக்கவாட்டில் விழாமல் இருப்பதற்கே அவர் மூச்செல்லாம் செலவானது.

“பஸ்ஸு ஆட்டத்துல எப்படிண்ணே நடந்தீங்க? கம்பியப் பிடிச்சா?”

“ஒரு கையில பையி, ஒரு கையில டிக்கெட்டு மிஷினு. கம்பிய எங்க பிடிக்க? இடுப்பு சீட்டுல சாஞ்சுக்கிரும், கால் தன்னால போகும்.”

மறுநாள் மதியம், பஸ் ஸ்டாண்டில் அவர் பஸ் ஓய்வாக நின்றபோது ஆட்டோவில் கூட்டிப்போனோம். அவரைப் படியேற்ற நானும் ஆட்டோ டிரைவரும் பட்ட பாடு தனிக்கதை. உள்ளே போனதும் இடுப்பு இந்தப் பக்கச் சீட்டில் ஓர் உரசல், அந்தப் பக்கம் ஓர் உரசல். அகட்டி வைத்த கால்கள் ஒடுங்கின. கடைசி சீட்டுவரை போய்த் திரும்பி, மூச்சு வாங்காமல், “சில்லறை இருக்கா?” என்றார். அக்கா படியில் நின்று அழுதேவிட்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் ரோட்டில் சீட்டு ஏது? அக்காவின் கையை அக்குளிலிருந்து எடுத்து, அண்ணனின் இடுப்போரம் வைத்தேன்.

“தூக்காதீங்கக்கா. சாஞ்சா முட்டுற செவுரு மாதிரி இருங்க, போதும்.”

“இவுக விழுந்துட்டாகன்னா?”

“அதுக்குத்தான ஒங்க கை அங்க இருக்கு.”

தினமும் தெருவில் நடந்தார்கள். முதலில் உள்ளங்கை, பிறகு விரல் நுனி, பிறகு அக்கா வெறுமனே பக்கத்தில் நடந்தார். அண்ணனோ ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்தார். பேச மூச்சு மிஞ்சுகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

சித்திரையில் பஸ் ஸ்டாண்டு வெட்டவெளியில் முதலாளி முன்னால் தனியாக நடந்தார். அடி கொஞ்சம் அகலம்தான். முதலாளி தன் தோளில் கிடந்த கண்டக்டர் பையைக் கழற்றி நீட்டினார்.

போன மாதம் திருச்சுழி போக ஏறினேன், அவர் பஸ். வளைவில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தும் தள்ளாடினேன்.

“டாக்டரம்மா, இடுப்பச் சீட்டுல சாய்ங்க.”

சாய்ந்தேன். கால் லேசானது. நோயாளியைத் தாங்கப் போகும் இளைய பிசியோக்களுக்கு இதைத்தான் சொல்வேன்: தூக்கிப் பிடிக்காதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

வைத்தியம் பார்த்தவள் என்பதற்காக அண்ணன் எனக்கு டிக்கெட் போடாமல் விடவில்லை. “திருச்சுழிக்கு ஒண்ணா? சில்லறையாக் குடுங்க” என்று வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் நடந்து போனார்.