இரண்டு கையும் ஒன்றாக

ஆஸ்பத்திரி நடைபாதைச் சுவரில் இடது கை விரல்களால் மெல்ல மேலே ஏறச் சொன்னார்கள். தோளுக்குச் சற்று மேலே போனதும் விரல்கள் நின்றுவிட்டன. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு மாதிரி ஏதோ இழுத்தது. பக்கத்தில் அதையே செய்துகொண்டிருந்த பெண் அழுதுவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அதற்கு முந்தைய கதை, இதே நோயைத் தாண்டி வந்து இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். குளிக்கும்போது இடது மார்பில் தட்டுப்பட்ட கட்டி, திசுப் பரிசோதனை (கட்டியில் துளி சதை எடுத்துப் பார்ப்பது), கீமோ, அறுவை சிகிச்சை. மார்போடு அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் (உடம்பின் நீரை வடிகட்டும் சின்ன முடிச்சுகள்) எடுத்துவிட்டார்கள். உதிர்ந்த முடி திரும்ப வந்தது. கைதான் வரவில்லை.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பள்ளி நாட்களில் தவளை நீச்சலில் மாவட்டப் போட்டி வரை போனேன். கல்யாணத்துக்குப் பிறகு தண்ணீர் என்றால் மோட்டார் போடுவதும் லாரி வந்ததா என்று எட்டிப் பார்ப்பதும்தான். தோள் இளக நீந்தலாம் என்று டாக்டரம்மா சொன்னதும், நாற்பத்தெட்டு வயதில், வானகரம் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். கை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அங்கே மூத்தோர் போட்டிக்கு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்துவிட்டேன்.

"நீந்துறது நல்லதும்மா. போட்டி எதுக்கு? இழுத்துப் பிடிச்சா கை வீங்கும்" என்றார் டாக்டரம்மா.

என் கணவர் ஒரே பிடியாக நின்றார். "இன்னா தேவி இது? பொழச்சி வந்ததே பெரிய விஷயம். இந்த வயசுல மெடல் வாங்கி இன்னா பண்ணப் போறே?"

மெடலுக்காக இல்லை. நோய் வந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். ஒரு குடம் தூக்க விடவில்லை. நான் கத்தினால்கூட யாரும் பதிலுக்குக் கத்தவில்லை. எரிச்சலாக வந்தது. மற்றவர்களோடு என்னையும் வரிசையில் நிறுத்தி, விசில் ஊதி, தப்பென்றால் தப்பு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று ஏங்கினேன்.

தவளை நீச்சலில் ஒரு விதி உண்டு. முடிவுச் சுவரை இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை முந்தினாலும் நீந்தியது செல்லாது. என் இடது கையோ இன்னும் அரைச் சாண் குறைவாகத்தான் நீளும்.

போட்டியன்று கடைசி வீச்சில், பக்கத்துப் பெண் என்னை நெருங்குவது தெரிந்தது. அவ்வளவுதான், வலது கை பாய்ந்து சுவரைத் தொட்டுவிட்டது. இடது கை பிறகுதான் வந்து சேர்ந்தது. மேலே நின்ற நடுவர் அம்மா குனிந்து பார்த்தார். என் அக்குள் தழும்பையும் பார்த்தார். "சூப்பர்மா! செகண்டு!" என்று சிரித்தார். கணவர் எழுந்து நின்று கைதட்டினார்.

மேலேறி நடுவரிடம் போனேன். "மேடம், வலது கைதான் முதல்ல பட்டுச்சு. நீங்களும் பாத்தீங்க."

"பரவால்லம்மா. இவ்ளோ கஷ்டத்துலயும் வந்திருக்கீங்க..."

"வேற யாராச்சும்னா வுட்டிருப்பீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது. தாளில் என் பெயரைக் கோடு போட்டு அடித்தார். பாவி மனசு, அப்போது சந்தோஷப்பட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவர் பொரிந்து தள்ளினார். "கைக்கு வந்தத வேணான்னுட்டு வர்றியே, உனுக்கு இன்னா பைத்தியமா?" வெகுநாளைக்குப் பிறகு என்னிடம் குரலை உயர்த்தினார்.

"பாவம்னு குடுக்கறத எந்த செவுத்துல மாட்டுறது?" என்றேன்.

மறுநாள் கை வீங்கியது. நிணநீர் வீக்கம் (வடிய வழியில்லாமல் நீர் கையிலேயே தேங்குவது). டாக்டரம்மா திட்டிவிட்டு, இறுக்கமான உறை ஒன்றை மாட்டிவிட்டார். ஆகவே என்னைப் பார்த்து நீங்களும் போட்டிக்கு இறங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் ஸ்கேன். பயம்தான், வேறென்ன?

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. சமையலறையில் மேல்தட்டு டப்பாவுக்குக் கை தூக்கினால், வலது கை பாதியில் நின்றுவிடுகிறது. இடது கை வர நேரமாகிறது.

"இன்னா, கை வலிக்குதா?" என்று கேட்டார் கணவர், பழையபடி தாழ்ந்த குரலில்.

"கத்திக் கேளுங்க" என்றேன். இடது கை வந்து சேர்ந்ததும் இரண்டு கையாலும் டப்பாவைத் தொட்டேன்.