வரெனிகி மாவும் என் எண்ணெய்க் கையும்

1

கொதிக்கும் தண்ணீரில் போட்ட பத்து வரெனிகியில் ஏழு பிளந்துவிட்டன. உள்ளே வைத்த உருளைக்கிழங்கு மசியல் கரைந்து, பாத்திரம் முழுக்கக் கஞ்சிபோல் ஆனது. மணி காலை எட்டு. பதினொன்றுக்கு ஒக்ஸானா வருவதாகச் சொல்லியிருந்தார்.

நான் பரோட்டா மாஸ்டர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் கவிதா மேடம் நடத்தும் கேட்டரிங் கிச்சனில் வேலை. அன்று ஒரு கல்யாணச் சாப்பாடு. பெண் தமிழ்ப் பெண், மாப்பிள்ளை உக்ரைன்காரர். அவருடைய அம்மாதான் ஒக்ஸானா. மகன் கல்யாணத்துக்குத் தன் கையால் வரெனிகி செய்து போட ஆசைப்பட்டவருக்குக் கை முறிந்துவிட்டது.

வரெனிகி பார்க்கச் சோமாசி மாதிரி இருக்கும். எண்ணெயில் பொரிக்காமல் தண்ணீரில் வேகவைத்து, வெண்ணெயில் புரட்ட வேண்டும்.

"மாஸ்டர், நீங்க இருக்கீங்கன்னு தைரியமா ஆர்டர் எடுத்துட்டேன். நூத்தம்பது பீஸ்" என்று முந்தின வாரமே மேடம் சொல்லியிருந்தார். "அந்த ஆன்ட்டி வந்து ஒண்ணைத் தண்ணியில போட்டுப் பாப்பாங்களாம். பிரிஞ்சு போச்சுன்னா பரிமாறவே வேணாம்னுட்டாங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி அசிங்கமாயிடும்னு பயம்."

"சரிங்க மேடம்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது.

2

உப்பு, சுடுதண்ணீர், மைதா எல்லாம் ஒக்ஸானா சொன்ன அளவுதான். அப்புறம் எங்கே தப்பு? பிளக்காத மூன்றையும் கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். மூன்றும் கோணல்மாணல். காலையில் மேடம் போன் பேசிக்கொண்டே விளையாட்டாக மடித்தவை. நான் மடித்த ஏழும் போய்விட்டன.

என் கையைப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. இருபது வருஷமாக மாவு உருண்டையைத் தொடும் முன் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும். பரோட்டாவுக்கு அது வேண்டும். இங்கே எண்ணெய் விரலால் ஓரத்தை அழுத்தினால் எப்படி ஒட்டும்? அதற்குள் தொண்ணூறு மடித்து அடுக்கியிருந்தேன்.

சொல்லாமல் ஓரங்களை மறுபடி அழுத்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு மேடத்திடம் போய் நின்றேன்.

"மேடம், தப்பாயிடுச்சு."

"என்ன மாஸ்டர், உப்பா?"

"எண்ணெய். கைப்பழக்கத்துல தடவிட்டேன்."

பாத்திரத்தை எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "அப்ப நான் செஞ்சது மட்டும்தான் உருப்படியா? என் வீட்டுக்காரர் நம்பவே மாட்டாரு! சரி, மசியலை வழிச்சு எடுங்க. மாவு புதுசா போடுங்க. நானும் மடிக்கிறேன்."

கையையும் மேசையையும் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்தேன். மாவைப் பிசைந்து, துணி மூடி அரைமணி நேரம் விட்டேன். மேடம் எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அப்படியும் இரண்டு தடவை என் கை அங்கே போயிற்று.

"மாஸ்டர்! கை!"

3

ஒக்ஸானா கையில் கட்டோடு வந்தார். தட்டிலிருந்து நான் மடித்த ஒன்றைத் தானே எடுத்துத் தண்ணீரில் போட்டார். அது அடியில் போய் உட்கார்ந்தது. நான் அடுப்பைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேல வந்துடுச்சு மாஸ்டர், பாருங்க" என்றார் மேடம். முழுசாக மிதந்தது.

ஒக்ஸானா அதைச் சாப்பிட்டுவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"என்னவாம் மேடம்?"

"இன்னொண்ணு வேணுமாம்."

"மறுபடியும் டெஸ்ட்டா?"

"டெஸ்ட் இல்ல மாஸ்டர். பசி! காலையிலேர்ந்து டென்ஷன்ல ஒண்ணுமே சாப்பிடலையாம்."

வெண்ணெயில் புரட்டி நான்கு வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

புதிதாகக் கிச்சனுக்கு வருகிறவர்கள் தெரியாத வேலை என்றால் பயப்படுகிறார்கள். எனக்குத் தப்பு வந்தது, நன்றாகத் தெரிந்த வேலையிலிருந்து. அதை எட்டு மணிக்கே சொன்னேன், மாற்றிச் செய்ய நேரம் இருந்தது. பத்தரை மணிக்குச் சொல்லியிருந்தால் மேடத்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.