பாக்கியத்துக்கு ஜூஸ் கேட்டது யார்?

என் மனைவி பாக்கியத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல், பர்மாவில் நியாங்ஷ்வே ஊருக்குப் பக்கத்திலுள்ள திராட்சைத் தோட்டத்தில் அவளுக்கு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். எனக்கு நான்கு கிளாஸ் வைன். அவளுக்கு ஒரு ஜூஸ். இது தவறு. அங்கேயே சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைந்ததற்காகப் போன பயணம் இது. நவம்பரில், மழை விட்டபின், தன்லியின் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். யாங்கூன் விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஹேஹோவுக்கு விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். பஸ்ஸில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: இப்போதைக்கு வேண்டாம், சாலையில் பாதுகாப்பில்லை. ஹேஹோவிலிருந்து நியாங்ஷ்வே முப்பது கிலோமீட்டர், டாக்சி அறுபதாயிரம் கியாட். டிரைவர் கோ ஸோ நல்ல மனிதர், வளைவுகளில் போனை எடுக்கவில்லை.

தோட்டம் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர், மேட்டில் இருக்கிறது. கீழே இன்லே ஏரி தெரிகிறது. நான்கு வைனையும் ருசி பார்க்கப் பன்னிரண்டாயிரம். வெள்ளை நன்றாக இருந்தது, சிவப்பு நாக்கைப் பிடித்தது. கோபத்தோடு குடித்தேன், அதனால் வேறு எதுவும் நினைவில்லை. பாக்கியம் ஜூஸைக் குடித்துவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவையையும் பொட்டையும் பார்த்துவிட்டுத்தான் ஜூஸ் கொடுத்தார்கள் என்பது என் முடிவு. பொறுப்பாளரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் தவுன்ஜிக்குப் போயிருந்தாராம்.

வாசலில் நின்றிருந்த கோ ஸோ என்னைச் சமாதானப்படுத்தினார். (அவர் பேசியது பர்மியத்தில், தமிழில் தருகிறேன். ஊலே என்றால் மாமா.) "ஊலே, விடுங்க. ஊருக்குள்ள ஒருத்தர் சொந்தமா பீர் போடுறார். போலாமா?"

நான் பீர்க்காரன். போனோம்.

சாய் லோன் என்ற ஷான் இனத்துக்காரர் தன் நூடுல்ஸ் கடையின் பின்கட்டில் மூன்று இரும்புத் தொட்டி வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். முதலில் கறுப்பு பீர், கருகிய வெல்லம் மாதிரி, கிளாஸ் ஏழாயிரம். அடுத்தது கசப்பு, எனக்குப் பிடித்தது. கோ ஸோ வண்டி ஓட்டுகிறவர், குடிக்கவில்லை; நாங்கள் இரண்டு பேர் என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு கிளாஸ் வைத்தார். மூன்றாவதைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார். "இது கோதுமை பீர். காசு வேணாம், எப்படியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"இது இருக்கட்டும், அவளுக்கு ஒரு எலுமிச்சை ஜூஸ்..." என்று நான் ஆரம்பித்தபோது பாக்கியத்தின் மூக்கு கிளாஸுக்குள் இருந்தது. அவளுக்கு முதலில் வைத்த இரண்டு கிளாஸும் காலியாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"வாழைப்பழ வாசம் வருதுங்க," என்றாள். "மாவு சூட்டுல பொங்கினா இப்படித்தான் வரும்." வீட்டில் ஆப்ப மாவுக்குப் பனங்கள் ஊற்றுகிறவள். எத்தனை மணி நேரம் பொங்கியது என்பதை மூடியைத் திறக்காமலேயே சொல்லுவாள். அதையே சாய் லோனிடம் பர்மியத்தில் சொன்னாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பழம் எதுவும் போடல ஆன்ட்டி. ரெண்டு நாளா கரண்ட் இல்ல, தொட்டி சூடாயிடுச்சு. நாளைக்குக் கொட்டிரலாம்னு இருந்தேன்."

"கொட்டாத. வாசமாத்தான் இருக்கு. இன்னொரு கிளாஸ் குடு."

சாய் லோன் சிரித்துக்கொண்டே ஓடினார்.

"பீர் பிடிக்கும்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க எப்ப கேட்டீங்க? யாங்கூன்ல, லத்தா பீர் கடையில மொத நாளு எனக்கு எலுமிச்சை ஜூஸ் சொன்னீங்க. நாப்பது வருஷமா அதையே சொல்றீங்க. இன்னைக்கும் தோட்டத்துல ஊத்திக் குடுத்த பொண்ணு என்ன வேணும்னு என்னைத்தான் பாத்துக் கேட்டுச்சு. நீங்கதான் முந்திக்கிட்டு ஜூஸ்னீங்க."

கோ ஸோவிடம் திரும்பி பர்மியத்தில் கேட்டாள், "நீங்களும் கேட்டீங்கதானே?"

"வாசல் வரைக்கும் கேட்டுச்சு ஆன்ட்டி."

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தப் பெண் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். என் கருத்தில் மாற்றமில்லை.

ஆனால் விடுதிக்குத் திரும்பும்போது பாக்கியம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அரை கிலோமீட்டர். அந்தப் பீருக்கு எந்த மீன் வறுவல் பொருந்தும் என்று விடாமல் பேசினாள். லத்தாவிலிருந்து எத்தனையோ முறை ஒன்றாக வீடு திரும்பியிருக்கிறோம். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

போகிறவர்கள் அடையாள அட்டையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தார் வருகிற ஒவ்வொருவர் முன்னாலும் நான்கு கிளாஸ் வைக்க வேண்டும், பொட்டு வைத்தவர் முன்னாலும். சாய் லோன், கரண்ட் போகும்போது பொங்குகிற தொட்டியைக் கொட்டக் கூடாது. அதற்குத் தனிப் பெயர் வைத்து விற்க வேண்டும். மனைவியோடு போகிற ஆண்கள் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். லத்தாவில் அடுத்த முறை பரிமாறுகிறவர் வந்து நிற்கும்போது நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாக்கியம் முதலில் சொல்ல வேண்டும்.